ஓடைப்பாலத்தோடு நின்றுபோன சாயங்காலம்

நீதான் சொன்னாய். தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடுகிற மாதிரி நடிக்காதே. நகராட்சிக் கூடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருந்தவன் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டு, வாயில் எச்சில் ஊற 'வழிமொழிகிறேன்' என்று சொன்னது நீதான். உனக்குப் பசி. கூடத்துக்குப் பின்னால் பந்தல் போட்டு, அண்டாவின் மூடியைத் திறந்து, பிரியாணி வாசம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து எல்லார் மூக்கையும் பிடித்து இழுத்த நேரம் அது. இன்னும் ஒரே ஒரு விதி பாக்கி, அதை யாராவது ஒருத்தர் வழிமொழிந்துவிட்டால் இலை போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். சொன்னாய், எழுந்தாய், சாப்பிட்டாய், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினாய், கை கழுவினாய், வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினாய். நீ தூங்கி எழுந்தபோது மலையடிப்பேட்டையில் சாயங்காலம் இல்லை. அன்றிலிருந்து சிலம்பாயி உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மலையடிப்பேட்டைக்கு வெளியில் இருக்கிறவர்களுக்கு இது விளங்காது, அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஊரில் வருசத்துக்கு ஒருமுறை, சித்திரைத் திருவிழாவுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சருகாகி உதிர்கிற சமயத்தில், விதிச் சீராய்வுக் குழு கூடும். ரூல்ஸ் கமிட்டி என்று சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்து கிடக்கிற நகராட்சி விதிகளைத் தூசி தட்டி எடுத்து, இது இன்னும் வேண்டுமா, இது யாருக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டாததை அடித்துவிடுவதுதான் அதன் வேலை. குதிரைவண்டிக்கு லாந்தர் கட்ட வேண்டும் என்ற விதி அப்படித்தான் போனது. பொதுக்கிணற்றடியில் தோல் காயப்போடக் கூடாது என்ற விதி, கிணறே போன பிறகு, அப்படித்தான் போனது. அடிக்கலாம் என்று சொல்வது குழு உறுப்பினர்கள், ஆனால் அதை வழிமொழிய வேண்டியது பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிற பொதுமக்களில் ஒருத்தர், இது பேட்டையின் பழைய வழக்கம். அடித்த விதி மறுபடி வேண்டுமென்றால், அன்றைக்கு எந்த வாய் வழிமொழிந்ததோ அதே வாய் கூடத்தில் எழுந்து நின்று 'திரும்பப் பெறுகிறேன்' என்று சொல்ல வேண்டும், வேறு வாய் சொன்னால் செல்லாது, இதுவும் வழக்கம். ஊர் விசயத்தில் வாயை விட்டவன் பொறுப்பாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனுசன் வைத்தது. எல்லா விதியும் முடிகிறவரை பந்தி கிடையாது என்பது மூன்றாவது வழக்கம், அதை வைத்தவன் நல்ல மனுசன் இல்லை.

அந்த வருசம் கடைசியாக வந்தது சந்தை விதிகளில் ஒன்று. நாள் என்பது காலை, பகல், மாலை, இரவு என்னும் பொழுதுகளை உடையது என்று தொடங்கும். மாலை என்பது தெருவிளக்கு விதியிலும் வருகிறது, ஒன்றை ஏன் இரண்டு இடத்தில் வைத்திருக்க வேண்டும், இங்கே அடித்துவிடலாம் என்றார் ஓர் உறுப்பினர். தெருவிளக்கு விதியை முந்தின வருசமே, தெருவில் விளக்கு எரியாததால், அடித்துவிட்டிருந்தார்கள் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. வழிமொழிபவர் உண்டா என்று கேட்டார் தலைவர். அப்போதுதான் நீ வாயைத் திறந்தாய்.

சிலம்பாயி அன்றைக்குக் கூடத்தின் பக்கம் போகவில்லை, சந்தையில் இருந்தாள். அவள் மாட்டுத் தரகு பார்க்கிறவள். பொம்பளை தரகு பார்ப்பதா என்று சிரித்த சந்தைக்குள் சாணி அள்ளுகிறவளாகக் கால்வைத்து, பல்லைப் பிடித்து வயசு பார்க்கவும் சுழி பார்க்கவும் நடையில் ஊனம் பார்க்கவும் மாட்டிடமும் மனுசனிடமும் உதை வாங்கிக் கற்றுக்கொண்டு, கடைசியில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிற இடத்துக்கு வந்து சேர்ந்தவள். துண்டுப் பேரம் என்பது, விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் சேர்ந்துகொண்டு, வாய் திறக்காமல், விரலை மடக்கி, நீட்டி, அழுத்தி விலை சொல்வது, சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டுக்குள் அவள் முதன்முதலாகக் கைவிட்டபோது எதிர்க் கை கூச்சத்தில் பின்வாங்கியது, அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளுடைய கையைச் சந்தையில் யாரும் லேசாக நினைத்ததில்லை. கோபம் அவளுக்கு மூக்கில் இல்லை, உள்ளங்காலில் இருந்து ஏறும். முதலில் சொன்ன விலைக்கு அவள் உப்புக்கூட வாங்கியதில்லை.

அவள் புருசன் காசிமாயன் இதற்கெல்லாம் நேர்மாறு. மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை, காலை பஸ்ஸில் ஏறிச் சாயங்கால பஸ்ஸில் இறங்குவான், யார் என்ன சொன்னாலும் சரி என்பான். அன்றைக்குக் காலையில்தான் அவளுக்கு விசயம் தெரிந்தது, வீட்டில் நின்ற செவலைக் கிடாரியை அவன் மலையில் ஒரு தோட்டக்காரனுக்குக் கொடுத்துவிட்டான், அதுவும் அந்த ஆள் கேட்ட விலைக்கே, ஏனென்றால் அந்த ஆளின் மகள் கிடாரியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாளாம். தரகுக்காரி வீட்டு மாட்டைக் கேட்ட விலைக்குக் கொடுத்தவனே என்று சிலம்பாயி தெருவில் நின்று சத்தம் போட்டாள். தூக்குவாளியைக் கையில் கொடுக்காமல் ணங்கென்று தரையில் வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டே அதை எடுத்துக்கொண்டு போனான். பஸ் சந்தையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கையாட்டினான், அவள் ஒரு காளையின் வாலைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதியத்துக்கெல்லாம் கோபம் வடிந்துவிட்டது. வடிந்தால் வாயால் சொல்லிப் பழக்கமில்லை அவளுக்கு, மலைக் குளிரில் நடுங்கி வருகிறவனுக்கு வெந்நீர் போட்டு வைப்பாள், அதுதான் சேதி. அன்றைக்கும் சந்தையிலிருந்து சீக்கிரம் வந்து அண்டாவில் தண்ணீர் ஊற்றி அடுப்பு மூட்டினாள். வெயில் மலையின் தோளில் போய் உட்கார்ந்தது. அப்புறம் அது மஞ்சளாகவில்லை, சிவக்கவில்லை, நிழல் நீளவில்லை, கடையின் ஷட்டரை இழுத்துவிட்ட மாதிரி ஊர் முழுவதும் ஒரே இழுப்பில் இருட்டாகிவிட்டது. பேட்டையில் எல்லாச் சுவர்க் கடிகாரங்களும் நாலரையிலிருந்து ஏழுக்குத் தாவின. வெந்நீர் கொதித்து, வற்றி, அண்டாவின் அடி கருகியது. பஸ் வரவில்லை.

போலீஸ் மலைப்பாதை முழுக்கத் தேடியது, பள்ளத்தில் எங்கும் பஸ் இல்லை. அடிவாரத்தில், பேட்டை எல்லைக்கு அந்தப்புறம் இருக்கிற கோம்பைக்காட்டு டீக்கடைக்காரரைக் கேட்டால், இப்பத்தானே போச்சு, டிரைவர் ஹாரன் அடிச்சிட்டுப் போறாரு என்றார். விசயம் இதுதான், அந்த பஸ் சாயங்காலத்தில் வருகிற பஸ். வந்து சேர்வதற்கு ஊரில் சாயங்காலம் இல்லாதபோது அது எங்கே வந்து சேரும்?

ஊர் என்ன செய்தது என்கிறாய். ஊர் வழக்கம்போல முதலில் திட்டியது, பிறகு பழகிக்கொண்டது. மாவட்ட அலுவலகத்துக்கு மனுப் போனது, எங்கள் ஆவணங்களின்படி தங்கள் ஊரில் சாயங்காலம் உள்ளது என்று பதில் வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வந்தார், பகலில் வந்து, பகல் நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் பகலிலேயே போய்விட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் இருட்டிவிடுவதால் பிள்ளைகளுக்கு விளையாட நேரமில்லாமல் போனது, மார்க் கூடியது, தகப்பன்மார் சந்தோசப்பட்டார்கள், பிள்ளைகள் மட்டும் காரணம் தெரியாமல் சோற்றை அளைந்துகொண்டிருந்தார்கள். முல்லை மொட்டு வாங்கிய பெண்கள், அது மலராமலே கருகுவதைப் பார்த்து, மொட்டை மடியில் கட்டிக்கொண்டு எல்லைக்குப் போய் மலரவைத்துக்கொண்டு வந்தார்கள். காகங்களுக்கு எப்போது கூட்டுக்குத் திரும்புவது என்று தெரியவில்லை, இருட்டில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தன. மாடுகள் சாயங்கால வேளைப் பாலை மடியிலேயே நிறுத்திக்கொண்டன. பஸ் நிலையத்து முக்கில் பஜ்ஜி போடுகிற காதர் மைதீன் ராவுத்தர், ராத்திரியில் போட்டுப் பார்த்தார், மத்தியானத்தில் போட்டுப் பார்த்தார், அதே மாவு, அதே வாழைக்காய், அதே எண்ணெய், ஆனால் தின்றவர்கள் எல்லாம் எதையோ மறந்துவிட்டவர்கள்போல மென்றுகொண்டு நின்றார்கள். கோயிலில் சாயரட்சை பூசையை ராத்திரிப் பூசையோடு சேர்த்தார்கள், சாமி ஒன்றும் சொல்லவில்லை. ராவுத்தர்தான் மஃரிப் தொழுகையை எதோடும் சேர்க்க மாட்டேன் என்று பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாயங்காலத்தைத் தேடி வடக்கே நடந்தார்.

வடக்கே ஓடைப்பாலம் இருக்கிறது. பாலத்தின் நடுவோடு நகராட்சி முடிகிறது, அந்தப்புறம் கோம்பைக்காட்டுப் பஞ்சாயத்து. பேட்டையில் இருட்டு விழுந்த பிறகும், பாலத்தின் அந்தப்புறத்தில் சாயங்காலம் தன்பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது, வயல்மேல் பொன் பூசி, கொக்குகளை வரிசையாக அனுப்பி, தூரத்தில் யாரோ பெயர் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிட, புகை எழும்ப, எல்லாம் எப்போதும்போல. ராவுத்தர் அங்கே பாயை விரித்துத் தொழுதார், முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது மலையிலிருந்து ஒரு பஸ் இறங்கி வந்தது, முன்விளக்கு எரிய, ஹாரன் அடித்து, பாலத்தில் ஏறி, பாலத்தின் நடுவில், விரலால் கிள்ளிய திரி மாதிரி, இல்லாமல் போனது. அவர் பாயைக்கூட எடுக்காமல் சிலம்பாயியின் வீட்டுக்கு ஓடி வந்தார்.

அதற்குப் பிறகு ஊரே ஓடைப்பாலத்துக்குப் போக ஆரம்பித்தது. சாயங்காலம் பார்க்கப் போகிறோம் என்று குடும்பம் குடும்பமாகக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனார்கள். கோம்பைக்காட்டுக்காரர்கள் முதலில் வாங்க வாங்க என்றார்கள், பிறகு அவர்களுக்கு ஒரு மிதப்பு வந்தது, எங்க ஊர்ச் சாயங்காலம் என்று பேச ஆரம்பித்தார்கள், மாப்பிள்ளைகளுக்கு விலை ஏற்றினார்கள், பேட்டைப் பெண்களும் சொத்தைக் கேட்காமல் சாயங்காலம் உண்டா என்று கேட்டுக் கழுத்தை நீட்டினார்கள். ராவுத்தர் எண்ணெய்ச் சட்டியைப் பாலத்துக்கு அந்தப்புறம் கொண்டுபோய் வைத்தார், பஜ்ஜி மறுபடி பஜ்ஜியானது.

பஸ்ஸில் இருந்தவர்களின் வீட்டுக்காரர்கள் எல்லாரும் முதலில் தினம் வந்தார்கள். அழுதார்கள், பேர் சொல்லிக் கத்தினார்கள், கூடவே ஓடினார்கள். பஸ் நிற்காது, அங்கே ஸ்டாப்பிங் இல்லை. மொக்கராசு என்று ஓர் ஆட்டோக்காரன், பொண்டாட்டி உள்ளே இருந்தாள், ஒருநாள் ஓடி ஓடிப் படிக்கட்டில் தாவி ஏறிவிட்டான். மறுநாளிலிருந்து அவனும் பஸ்ஸோடு வந்தான், படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, தலைமயிர் காற்றில் பறக்க, ஏறிவிட்ட சந்தோசம் முகத்தில் அப்படியே இருக்க, தினம் தினம் பாலத்தின் நடுவில் மறைந்தான். மற்றவர்கள் வாரத்துக்கு ஒருமுறை, மாசத்துக்கு ஒருமுறை என்று குறைந்து, சிலர் மறுகலியாணம் செய்துகொண்டு, சிலர் பிள்ளைகளைப் படிக்கவைக்க வெளியூர் போய், கடைசியில் தினம் வருகிறவள் சிலம்பாயி ஒருத்திதான் என்று ஆனது.

அவள் முதல்நாள் வந்து நின்றபோது, இடப்பக்கத்து மூன்றாவது ஜன்னலிலிருந்து காசிமாயன் தலையை நீட்டினான். அவனுக்கு அது அன்றைய சாயங்காலம்தான், காலையில் திட்டு வாங்கிக்கொண்டு போனவன் வேலை முடிந்து திரும்பிக்கொண்டிருக்கிறான், வழியிலேயே பொண்டாட்டி வந்து நிற்கிறாள். அவன் முகம் மலர்ந்துபோய்விட்டது.

"ஏ புள்ள, கோவம் தணிஞ்சிருச்சா?"

சிலம்பாயி அவனை உயிரோடு பார்த்த அந்த நிமிசத்தில், இத்தனை நாள் பயந்ததற்கும் அழுததற்கும் எல்லாமாகச் சேர்த்து உள்ளங்காலில் இருந்து கோபம் ஏற, "தணியல" என்றாள். அவன் சிரித்தான். பஸ் பாலத்தில் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் அவன் மறுபடி தலையை நீட்டினான், முதல்தடவை பார்க்கிற அதே மலர்ச்சியோடு, அதே கேள்வியைக் கேட்டான். தணிஞ்சிருச்சு மச்சான் என்றாள் அவள், வாழ்க்கையில் முதல்தடவையாக வாயால். அதற்கும் சிரித்தான், போய்விட்டான். அதற்கு மறுநாள் மறுபடி கேட்டான். அவள் பதில் அவனுக்குப் போய்ச் சேர்வதே இல்லை, சேர்வதற்கு அவன் சாயங்காலம் முடிய வேண்டும், அது முடிய வேண்டிய ஊரில் சாயங்காலமே இல்லை. அழுதுகொண்டே சொல்லிப் பார்த்தாள், சிரித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தாள், கிடாரியை நல்ல இடத்துக்குத்தான் குடுத்திருக்கீக என்று சொல்லிப் பார்த்தாள், அது பெரிய பசுவாகிக் கன்று போட்டுவிட்டதைக்கூட விசாரித்து வந்து சொன்னாள். அவனுடைய தலையில் ஒரு மயிர் நரைக்கவில்லை. அவளுக்கு முன்தலை முழுக்க வெளுத்துவிட்டது, அவன் அதைக் கவனிப்பதற்குள் பாலம் வந்துவிடும்.

நீயும் தாவி ஏறிரேன் தாயி, மொக்கராசு ஏறலையா என்று கோம்பைக்காட்டுப் பெண்கள் சொன்னார்கள். ராவுத்தரும் ஒருநாள் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் சொன்னார். சிலம்பாயி அவரை முறைத்தாள்.

"ஏறுனா என்ன கிடைக்கும் ராவுத்தரே? பக்கத்துல உக்காந்து காலம் பூரா அதே கேள்விக்கு அதே பதிலச் சொல்லிக்கிட்டு இருக்கணும். அந்தாளு வீட்டுக்கு வரணும். குளிக்கணும். என் கையால சோறு தின்னுட்டு, நான் திட்டத் திட்டத் தூங்கணும். அதுக்குக் குறைஞ்சு ஒரு விரல்கூட மடக்க மாட்டேன்."

"யாருகிட்ட பேரம் பேசுற தங்கச்சி?"

"எவன் சொன்னானோ அவன்கிட்ட."

அப்படித்தான் அவள் உன்னைத் தேட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வருசமும் சீராய்வுக் குழு கூடும்போது முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, எங்க சாயங்காலத்தத் திருப்பிக் குடுங்க என்று கேட்டாள். குழுத் தலைவர் வக்கீல் அருளானந்தம் கெட்ட மனுசர் இல்லை. சாயங்காலத்தில் மனைவியோடு ஏரிக்கரையில் நடக்கிற வழக்கம் அவருக்கு, அது போன பிறகு அவரும் அந்தம்மாவும் ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இருந்தார்கள், பேசுவதற்கு அந்த நடை தேவைப்பட்டிருக்கிறது என்பது இப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. எனக்கும் வேணும்தாம்மா, ஆனா வழிமொழிஞ்ச வாய் வேணுமே என்று கையை விரித்தார். கடைசி வரிசையில் இருந்து குரல் வந்தது மட்டும் அவருக்குத் தெரியும். ஆண் குரலா பெண் குரலா என்றுகூடச் சொல்ல முடியவில்லை, அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பசிக் குரல்.

பேட்டையில் அந்தச் சொல்லையே எவரும் உச்சரிக்காமல் போனார்கள். கலியாணப் பேச்சில், சங்கக் கூட்டத்தில், வழிமொழிய வேண்டிய இடத்தில் எல்லாம் தலையைத் தலையை ஆட்டினார்கள். சண்டையில் ஒருத்தனை ஒருத்தன், போடா வழிமொழிஞ்சவனே என்று திட்டினால் வெட்டுக்குத்து வரை போனது. குரலை வைத்து உன்னைப் பிடிக்க முடியாது என்று ஆனதும், சிலம்பாயி தனக்குத் தெரிந்த வேலையைக் கையில் எடுத்தாள். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கையைக் குடு என்பாள். துண்டைப் போட்டு மூடுவாள். ஒன்றும் கேட்க மாட்டாள், பிடித்துக்கொண்டு சும்மா இருப்பாள். மாட்டின் குறையை மறைக்கிறவன் விரல் எப்படித் துடிக்கும், அவசரத்துக்கு விற்கிறவன் உள்ளங்கை எப்படி வேர்க்கும் என்று அவளுக்குத் தெரியும், வாயை மூடிக்கொண்டு இத்தனை வருசம் ஊருக்குள் இருக்கிறவன் கை சொல்லாமல் இருக்குமா?

சொல்லியது. முதல் வீட்டில் கை நடுங்கியது. அகப்பட்டான் என்று நினைத்தாள். இரண்டாவது வீட்டிலும் நடுங்கியது. தெரு முழுக்க நடுங்கியது. தையல் கடைக்காரன், நர்ஸம்மா, பூசாரி, அன்றைக்குத் தொட்டிலில் கிடந்து இன்றைக்கு மீசை வைத்திருக்கிற பயல், எல்லார் கையும் துண்டுக்குள் குருவிக்குஞ்சு மாதிரி நடுங்கியது. சிலபேர் அவள் கேட்காமலே பேச ஆரம்பித்தார்கள், நான் சொல்லியிருக்கலாம் மதினி, எனக்கு நெனவு இல்ல, ஆனா அன்னிக்கு எனக்கும் பசிதான். ராவுத்தர் கையும் நடுங்கியது, அவர் அன்றைக்குக் கடையைவிட்டு நகரவே இல்லை. உறுப்பினர் யாரும் வழிமொழிய முடியாது என்று தெரிந்தும் வக்கீலின் கையைப் பிடித்துப் பார்த்தாள், அதுவும் நடுங்கி, விடுவித்துக்கொள்ளாமல் அவள் கைக்குள்ளேயே கொஞ்ச நேரம் கிடந்தது. கடைசியில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, தன் இடக்கையைத் தன் வலக்கையால் துண்டுக்குள் பிடித்துப் பார்த்தாள். சந்தையில் எத்தனையோ கோடீஸ்வரன் கையைப் பதறவைத்த கை அது. அது நடுங்கிய நடுக்கத்தில் துண்டு கீழே விழுந்தது. இத்தனை கையும் குற்றத்துக்கு நடுங்கவில்லை, போன ஒன்றை நினைத்து நடுங்குகிறது, அதற்குள் உன் கை ஒளிந்துகொண்டது என்று அவளுக்கு விளங்கியது.

இந்த வருசம் நடந்தது இதுதான். மலையடிப்பேட்டை பெரிய ஊராகப் போகிறது, பக்கத்துப் பஞ்சாயத்துகளைச் சேர்த்து எல்லையை விரிக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. சித்திரை முடிந்து குழு கூடியபோது பொருள் வரிசையில் கடைசியாக அது இருந்தது. நகர எல்லை இனி ஓடைப்பாலத்தோடு முடியாது, கோம்பைக்காட்டையும் அதற்கு அப்பால் மலையடிவாரத்தையும் சேர்த்துக்கொள்ளும். அப்படி ஆனால் கோம்பைக்காட்டிலும் பேட்டை விதிதான், அங்கேயும் ஷட்டர் இறங்கும். பஸ் மலையைவிட்டு இறங்குவதற்கு ஒரு சாயங்காலம் எங்கேயும் மிச்சமிருக்காது. ஜன்னல் இருக்காது, கேள்வி இருக்காது.

சிலம்பாயி விடிந்ததும் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். கூடம் நிறைந்திருந்தது, கோம்பைக்காட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், இப்போது அவர்களிடம் மிதப்பு இல்லை. மற்ற விதிகள் எல்லாம் தலையாட்டலிலேயே முடிந்தன. மத்தியானம் அண்டாவைத் திறந்தார்கள், வாசம் ஜன்னல் வழியாக வந்தது. வக்கீல் அருளானந்தம் எல்லை விதியை வாசித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், வாசிக்காமல் இருந்திருக்கலாம் என்று அவர் முகம் சொன்னது, ஆனால் மேலிடத்து உத்தரவு. வழிமொழிபவர் உண்டா என்று கேட்டார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழிமொழிய ஆள் இல்லாமல் ஒரு விதி கிடந்தால் கூட்டத்தைக் கலைக்கவும் முடியாது, பந்தி போடவும் முடியாது. பிரியாணி ஆறியது. பிள்ளைகள் சிணுங்கின. வக்கீல் மறுபடி கேட்டார், மறுபடி கேட்டார். வெயில் மலையின் தோளுக்குப் போனது. பாலத்துக்குப் போகிற நேரம் ஆகிவிட்டது என்று சிலம்பாயியின் கால்கள் இரண்டும் சொல்லின. எழுந்து போனால் அந்த இடைவெளியில் எந்தப் பசித்த வாயாவது சொல்லிவிடும். இருந்தால், ஜன்னலில் தலையை நீட்டுகிறவன் பாலத்தடியில் யாரும் இல்லாததைப் பார்ப்பான், இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்துக்கொள்வான், ஒன்றும் கேட்க மாட்டான். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். ஷட்டர் இறங்கியது. யாரோ விளக்கைப் போட்டார்கள். இப்போது பஸ் பாலத்தில் ஏறுகிறது. இப்போது மறைகிறது.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. சிலம்பாயி எழுந்து நின்றாள், தலைவரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள், கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாக.

"இருக்கன்னு தெரியும்," என்றாள். சத்தம் போடவில்லை, கூடத்தில் அது எல்லார் காதிலும் விழுந்தது. "இத்தனை வருசமா இங்கதான் உக்காந்திருக்க. உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒருத்தரும் பண்ண மாட்டாக, நான் நிக்கிறேன்ல. நான் தினம் அந்தாளுகிட்ட கோவம் தணிஞ்சிருச்சுன்னு சொல்றேன். பொய். தணியல. உன்னைய நெனச்சு ராவும் பகலும் எரியுது. எரிஞ்சுக்கிட்டே போயி, முகத்தத் தொடச்சுக்கிட்டு, தணிஞ்சிருச்சு மச்சான்னு சொல்லிட்டு வாரேன். பொய் சொல்லித் தரகு பாத்து வளந்தவ நான், ஆனா இந்த ஒரு பொய்யச் சொல்லச் சொல்ல நாக்கு புண்ணாப் போச்சு. இன்னிக்கு அதையும் சொல்லல, போகல, உனக்காக இங்க நின்னுட்டேன். இந்த வக்கீலய்யா வீட்டுல ரெண்டு பேரு பேசிக்கிறது இல்ல. இந்தப் புள்ளைக எல்லாம் விளையாடாமயே பெருசாயிருச்சுக. இவ்வளவும் பெரிய மனசு பண்ணித் தாங்கிட்டோம். இனி முடியாது. நான் விலை குறைக்க மாட்டேன், நீயும் கேக்காத. ஒரு சொல்லுதான், திரும்பப் பெறுகிறேன். முகத்தக் காட்ட வெக்கமா இருந்தா வெளக்க அணைக்கச் சொல்றேன். கொரலு போதும். எந்திரி. எந்திரிச்சுச் சொல்லு."